சொற்பக் காசில் பேய்ப்படம்: லூட்டனா, கார்மனா, காஸிலா?

பழைய ஹாலிவுட் சில்லறை பட்ஜெட் படங்கள் என்றாலே பலருக்கு ஒரே நினைப்புதான். ரப்பர் பூதம், தட்டினால் ஆடும் சுவர், அலறும் கதாநாயகி. ஆனால் நாலைந்து படம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், காசில்லாமல் படம் எடுப்பதிலேயே ஆளுக்கொரு வழி இருந்திருக்கிறது, ஒருவர் வழி இன்னொருவருக்கு ஒத்தே வராது. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மூன்று பேரின் படங்களை: தயாரிப்பாளர் வால் லூட்டன், தயாரித்து இயக்கவும் செய்த ரோஜர் கார்மன், வில்லியம் காஸில். மூன்று பேரும் பேர் வாங்கியது பேய்ப்படத்தில், மூன்று பேர் கையிலும் இருந்தது சொற்பம். அந்தச் சொற்பத்தை எதில் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1930கள், 40களில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவது வழக்கம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு, கூட ஓடும் சின்னப் படத்துக்கோ பேசிவைத்த வாடகைதான். சின்னப் படம் பிரமாதமாக வந்தாலும் அதே தொகை, சொதப்பினாலும் அதே தொகை. ஆக, லாபம் என்பது செலவில் மிச்சம் பிடிப்பது மட்டுமே. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அவர்கள் தியேட்டர்களைக் கைகழுவ வேண்டி வந்தது, கொத்தாகப் படங்களைத் தியேட்டர்காரர் தலையில் கட்டுவதும் முடியாமல் போனது. போதாக்குறைக்கு டிவி. லூட்டன் இந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆள், மற்ற இருவரும் கொடிகட்டியது அதற்குப் பிறகு. இதை மறந்துவிட்டு மூவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் நியாயமாக இருக்காது.

லூட்டன் 1942-இல் ஆர்கேஓ ஸ்டுடியோவுக்கு வந்தார். அதற்கு முன் பெரிய தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் இருந்தவர். இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் படங்களில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த ஆர்கேஓ, இவருக்கு மூன்று நிபந்தனை போட்டது. ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் ஆகக் கூடாது, 75 நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது, தலைப்பை மேலிடம்தான் கொடுக்கும். முதலில் கொடுத்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. பூனை மனிதர்கள்! இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ரோமம் ஒட்டிய முகமூடி செய்யக் காசில்லை, செய்தாலும் சிரிப்புதான் வரும். சரி, காட்டாமலே விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள் லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும்.

அந்தப் படத்தின் நடைபாதைக் காட்சியைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட வேண்டும். இரவு, பூங்காவை ஒட்டிய ஆளில்லாத பாதை, விளக்குக் கம்பங்கள். ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி வருகிறாள், இருவர் செருப்புச் சத்தமும் டக் டக்கென்று மாறி மாறிக் கேட்கிறது. திடீரென்று பின்னால் வந்த சத்தம் மட்டும் இல்லை. முன்னால் போகிறவள் நடையை எட்டிப் போடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை, ஓட ஆரம்பிக்கிறாள், அப்போது சிறுத்தை சீறுவது போல ஒரு சத்தம், நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பார்த்தால், பஸ் பிரேக் போட்டு நிற்கிறது. அவ்வளவுதான். பின்னணி இசைகூட இல்லை. செலவு என்று பார்த்தால் ஒரு சுவர், சில விளக்கு, ஒரு பஸ். இந்த உத்திக்கு லூட்டன் ஆட்கள் வைத்த பெயரே 'பஸ்'. இன்றைக்கும் பேய்ப்படத்தில் கதவு படாரென்று சாத்தி ஏமாற்றுகிறார்களே, அதற்கெல்லாம் இதுதான் பாட்டன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லூட்டனின் சிக்கனம், வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு மாசம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரியான சிக்கனம். கதாநாயகி குடியிருக்கும் வீட்டின் மாடிப்படி, வெல்ஸ் பெருஞ்செலவில் கட்டி, படம் நஷ்டப்பட்டு, சும்மா கிடந்த செட். ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா ஸ்டுடியோ சம்பளத்தில் இருந்த கெட்டிக்காரர். தையல் இலாகா, தச்சுப் பட்டறை, எடிட்டிங் அறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வெளியே ஒரு தனி ஆள் அதே ஒன்றரை லட்சத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது.

அந்தத் தனி ஆள்தான் கார்மன். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர், மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலே நாளில் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் படிப்பு வீணாகவில்லை, அவர் ஷூட்டிங் நடத்தின விதமே ஃபாக்டரி ஷிஃப்ட் மாதிரிதான். 1959 கடைசியில், வேறொரு படத்துக்குப் போட்ட செட் பிரிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்தார். அதில் ஒரு படம் எடுத்துவிடலாமே என்று எழுத்தாளர் சார்ல்ஸ் கிரிஃபித்தைக் கூட்டிக்கொண்டு கதை பண்ணினார். நடிகர்களுக்கு முன்கூட்டியே ஒத்திகை, அப்புறம் இரண்டே நாளில் செட் காட்சிகள் முழுக்க, இரண்டு கேமராவை ஒன்றாக ஓட்டி. வெளிப்புறக் காட்சிகள் தனியாக. ஆள் தின்னும் செடி வளர்க்கும் பூக்கடைப் பையன் கதை அது, 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960). பல் டாக்டரிடம் வலியை ரசிக்க வரும் பேஷண்ட்டாக ஒரு பொடியன் வருகிறான், அவன்தான் பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜாக் நிக்கல்சன்.

படம் அழகா என்றால், இல்லை. பாதி ஷாட் நாடக மேடையை நேராக நின்று பார்ப்பது போல இருக்கும், ஒலி சில இடத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆனால் அந்த அவசரமே அதற்கு ஒரு கிறுக்குத்தனமான உற்சாகத்தைக் கொடுத்திருக்கிறது. லூட்டன் ஒரு ஷாட்டுக்கு யோசிக்கும் நேரத்தில் கார்மன் ஒரு ரீல் முடித்திருப்பார் என்று தோன்றும்.

தலைப்பு விஷயத்தில் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கார்மன் நிறையப் படம் செய்து கொடுத்த ஏஐபி என்ற சிக்கனப் படக் கம்பெனியிலும் தலைப்பு, போஸ்டர் முதலில், கதை அப்புறம்தான். அங்கே அதுதான் தொழில் முறை, யாரும் கூச்சப்படவில்லை. லூட்டனுக்கு அது அவமானம். 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' என்ற தலைப்பை அவர் தலையில் கட்டியபோது, மனிதர் 'ஜேன் அயர்' நாவலின் கதைப்போக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மேற்கிந்தியத் தீவில் வைத்துவிட்டார். போஸ்டரைப் பார்த்து வந்தவன் ஏமாந்தானோ என்னவோ, எனக்கு அந்த வீம்பு பிடித்திருக்கிறது.

கார்மனுக்கும் வீம்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. இரண்டு கறுப்பு வெள்ளைப் படத்துக்கான காசை ஒரே கலர் படத்தில் போடுங்கள் என்று ஏஐபியிடம் மல்லுக்கட்டி 'ஹவுஸ் ஆஃப் அஷர்' (1960) எடுத்தார், 15 நாளில். பூதம் எங்கே என்று கேட்டதற்கு, வீடுதான் பூதம் என்று சொல்லிச் சமாளித்ததாகக் கதை. அதன் தொடக்கத்தில் குதிரையில் ஒருவன் கருகிப்போன காட்டு வழியாக வருவான், பார்க்கவே வயிற்றைப் பிசையும். அது செட் இல்லை, ஹாலிவுட் மலையில் நிஜமாகவே தீப்பிடித்து எரிந்து அடங்கிய இடம், சேதி கேட்டு கேமராவோடு போய் எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் வீடு எரியும் காட்சிக்கு ஒரு கொட்டகையை எரித்தார்கள். அந்த நெருப்பையே பிறகு வந்த படங்களிலும் வெட்டி ஒட்டினார். எரிந்த கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை!

காஸில் கணக்கே வேறு. (தமிழில் வேகமாகப் படித்தால் 'காசு இல்' என்றுதான் விழுகிறது, நான் என்ன செய்ய.) மற்றவர்கள் திரைக்குள் போட்ட காசை இவர் தியேட்டருக்குள் போட்டார். 1958-இல் 'மக்காபர்' படம் பார்த்துப் பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று லாயிட்ஸ் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஒரு படத்துக்கு ரசிகர்கள் தலைக்கு மேலே கம்பியில் எலும்புக்கூடு பறந்தது. அதே வருஷம் வந்த 'தி டிங்லர்' படத்துக்குச் சில சீட்டுக்கு அடியில் அதிரும் மோட்டார். படத்தில் ஓரிடத்தில் ஃபிலிம் அறுந்தது போலத் திரை இருட்டாகிவிடும், கதையில் வரும் ஜந்து இந்தத் தியேட்டருக்குள்ளேயே புகுந்துவிட்டது, கத்துங்கள் என்று நாயகன் வின்சென்ட் பிரைஸ் குரல் மட்டும் கேட்கும், மோட்டாரை முடுக்குவார்கள். அன்றைக்கு நிறைந்த அரங்கில் எப்படி இருந்திருக்கும்! வீட்டு சோபாவில் பார்த்தால் கரண்ட் போன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் காஸிலை வெறும் வித்தைக்காரர் என்று ஒதுக்க மாட்டேன். அதே படத்தில், கறுப்பு வெள்ளைக்கு நடுவே குளியல் தொட்டியில் ரத்தம் மட்டும் சிவப்பாக வரும். அறை முழுக்கச் சாம்பல், கறுப்பு, வெள்ளை பெயின்ட் அடித்து, நடிகைக்கும் சாம்பல் மேக்கப் போட்டு, கலர் ஃபிலிமில் எடுத்தது. பெயின்ட் டப்பா செலவில் கிடைத்த காட்சி, லூட்டனே சபாஷ் போட்டிருப்பார். ஹிட்ச்காக்கும் இந்தச் சந்தையைக் கவனித்துத்தான் தன் டிவி ஆட்களைக் கூட்டிக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில் 'சைக்கோ' எடுத்து, படம் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடாதே என்று போர்டும் மாட்டினார். போர்டு யார் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் என்று சொல்லத் தேவையில்லை.

நடுவில் ஒரு சேதி: இந்தச் சில்லறைச் சந்தையில் சேலத்துக்கும் பங்குண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ், லிப்பர்ட் என்ற அமெரிக்கச் சிக்கனக் கம்பெனியோடு சேர்ந்து 1952-இல் 'தி ஜங்கிள்' எடுத்தது, தமிழில் 'காடு'. அதில் வரும் பூர்வகால ராட்சத யானைகள், ரோமம் போர்த்திய நம்மூர் யானைகள்!

சரி, யார் கெட்டி? ராத்திரி விளக்கை அணைத்துப் பார்க்க லூட்டன்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காஸில் கூட்டத்தோடு பார்த்தால் மட்டும். படம் எடுக்க ஆசைப்படும் ஆள் யாரைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றால், கார்மனைச் சொல்வேன். ஏனென்றால் நமக்கு ஆர்கேஓ பட்டறையும் கிடையாது, தியேட்டரில் கம்பி கட்ட ஆளும் கிடையாது.

பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லாஃப், லூட்டன், கார்மன் இருவரிடமும் வேலை செய்தவர். லூட்டன் 'தி பாடி ஸ்னாட்சர்' (1945) படத்தில் அவருக்கு அருமையான வேஷம் கொடுத்தார். கார்மனோ, முந்தைய படத்தின் செட் பிரிக்கும் முன் மிச்ச நாளில் கார்லாஃபை அங்குமிங்கும் நடக்கவிட்டு எடுத்துவைத்துக்கொண்டு, மீதிக் கதையைப் பின்னாளில் பெரிய இயக்குநரான கொப்போலா முதலானவர்களிடம் விட்டு ஒப்பேற்றினார்: 'தி டெரர்' (1963), தலையும் புரியாது காலும் புரியாது. அப்புறமும் கார்லாஃப் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அந்த இரண்டு நாளையும் பழைய படத்துத் துண்டுகளையும் பீட்டர் போக்டனோவிச் என்ற புதுப் பையனிடம் கொடுத்து, ஒரு படம் பண்ணிக்கோ என்றார். வந்தது 'டார்கெட்ஸ்' (1968). அதில் ஒரு டிரைவ்-இன் தியேட்டரில் 'தி டெரர்' ஓடிக்கொண்டிருக்கும், திரைக்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு ஒளிந்து, படம் பார்க்க வந்தவர்களைக் காருக்குள் குறிபார்த்துக்கொண்டிருப்பான்.