அந்த விளம்பரத்தில் இருக்கும் நீலச் சட்டை நான்தான்

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ‘சினிமாவில் நடிக்க ஆட்கள் தேவை, அனுபவம் வேண்டாம், ஒரு நாளைக்கு 800 ரூபாய், சாப்பாடு உண்டு.’ கீழே நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதில் நீலச் சட்டையும் முன்வழுக்கையுமாக இருக்கிற ஆள் நான்தான். ‘எங்கள் மூலம் வாய்ப்புப் பெற்றவர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த வாய்ப்பு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 22 வருஷம் கணக்கு எழுதியவன். ஆபீசை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் இந்த விளம்பரம் வந்தது. காசுக்காக மட்டும் போனேன் என்றால் அது பொய். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. மேசையில் ஏஜென்ட் ஒருவர், சுவரில் நடிகர்களோடு அவர் எடுத்துக்கொண்ட படங்கள். போட்டோவுக்கும் ‘ஆர்ட்டிஸ்ட் கார்டு’க்கும் சேர்த்து 1500 ரூபாய் என்றார். ஜிபேயில் அனுப்பினேன். லேமினேஷன் போட்ட அட்டை ஒன்று கையில் வந்தது. நூலக அட்டையில்கூட அதைவிட அதிக விவரம் இருக்கும்.

நாலு நாள் கழித்து அழைப்பு. விடியற்காலை நாலரைக்கு வடபழனியில் வேன். மூன்று சட்டை கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், வெள்ளையும் கட்டம் போட்டதும் கூடாதாம். பூந்தமல்லி தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். ஏஜென்டின் ஆள் ஒரு ரூல்டு நோட்டில் பென்சிலால் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டான். உதவி இயக்குநர் பையன் என் சட்டைகளைப் பார்த்துவிட்டு நீலத்தைக் காட்டினான். அதோடு என் பெயர் போயிற்று. அன்று முழுக்க நான் ‘நீலச் சட்டை அண்ணே’.

பந்தி சீன். மூன்றாவது வரிசையில் எனக்கு இடம். ஒன்பது மணிக்கு இலை போட்டு, சாம்பார், பொரியல், வடை, அப்பளம் எல்லாம் வைத்தார்கள். காலையில் கிடைத்தது ரெண்டு இட்லி. கை தானாக இலைக்குப் போனது. “அண்ணே, சாப்பிடுற மாதிரி பண்ணுங்க, சாப்பிடாதீங்க, கண்டினியூட்டி போயிடும்” என்று பின்னாலிருந்து குரல். ஒவ்வொரு டேக்குக்கும் நான் அப்பளத்தை நொறுக்க வேண்டும், கட் சொன்னதும் ஒரு பையன் ஓடி வந்து புது அப்பளம் வைப்பான். பதினோரு அப்பளம் எண்ணினேன். நடுவில் ஹீரோயின் அப்பா வசனம் மறந்துவிட்டார், அதில் மூன்று அப்பளம் போச்சு. மத்தியானத்துக்குள் சாம்பாரில் ஏடு கட்டி, ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கான பொட்டலம் வந்தபோது மணி மூன்றரை.

பக்கத்து இலையில் ஒரு அக்கா. இருபது வருஷமாகக் கூட்டத்தில் நிற்கிறவர், துணை நடிகர் சங்கத்தில் இருப்பவர். “தம்பி, கார்டுக்குக் காசு குடுத்தியா?” என்று மெதுவாகக் கேட்டார். அட்டையை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல சங்கத்து பேரும் இல்ல, நம்பரும் இல்ல. பத்திரமா வச்சிக்க, பேரப்புள்ளைக்கு விளையாடக் குடு” என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சாயங்காலம் காசு வரும்தானே என்றிருந்தேன்.

பேக்கப் ஆனபோது ராத்திரி எட்டே முக்கால். வேன் பக்கத்தில், செல்போன் வெளிச்சத்தில், ஏஜென்டின் ஆள் வவுச்சர் கட்டை நீட்டினான். ரெவின்யூ ஸ்டாம்பு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. தொகை எழுத வேண்டிய இடம் காலி. “சீக்கிரம் போடுங்க சார், வேன் கிளம்புது” என்றான். ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டேன். கையில் கொடுத்தது 350 ரூபாய். வேனுக்கும் கமிஷனுக்கும் போக மிச்சமாம்.

தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை கிளீனர் பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்! வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பொறி தட்டியது. ரெவின்யூ ஸ்டாம்பு 5000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் வேண்டும். 800 ரூபாய் ஆளுக்கு எதற்கு ஸ்டாம்பு? என் கையெழுத்துக்கு மேலே என்ன தொகை எழுதி யாரிடம் காட்டினார்களோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். படக் கம்பெனிக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம், அவர்கள் மேல் நான் பழி போடவில்லை.

1981ல் வந்த சினிமாத் தொழிலாளர் சட்டத்தைப் பிறகு தேடிப் படித்தேன். ஏஜென்ட் மூலம் ஆள் எடுத்தாலும் தயாரிப்பாளரும் ஏஜென்டும் சேர்ந்து எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்றது அது (2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). நாங்கள் இருந்ததோ பென்சில் நோட்டில். காசு போனது போகட்டும். 2020 பிப்ரவரியில் இதே பூந்தமல்லிப் பக்கம் ஒரு படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அன்று எங்கள் தலைக்கு மேலும் ஒரு லைட் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்திருந்தால் ‘நீலச் சட்டை’க்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்த அக்கா அதில்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். கார்டு, போட்டோ என்று முதலில் உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தொகை காலியாக இருந்தால் வேன் கிளம்பினாலும் பேனாவைத் தொடாதீர்கள், பஸ்ஸில் வந்துகொள்ளலாம். ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன்.

என் படத்தை எடுக்கச் சொல்லி மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்று மட்டும் அந்த எண்ணிலிருந்து ஒன்று வந்தது: ‘ஞாயிறு ஷூட்டிங். 50 பேர் தேவை. சாப்பாடு உண்டு.’