பூங்காவில் வணிக நிகழ்ச்சி: ஒரே பெரிய விழாவா, பல சின்னச் சந்தைகளா?

எங்கள் பகுதிப் பூங்காவை வணிக நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடலாமா என்று நகராட்சி கருத்துக் கேட்டது. வழிகள் மூன்று இருந்தன. ஒன்று, ஆண்டுக்கு ஓரிரு பெரிய விழாக்கள்: சுற்றிலும் வேலி, டிக்கெட், மேடை, ஆயிரக்கணக்கில் கூட்டம். இரண்டாவது, ஆண்டு முழுக்கச் சின்ன நிகழ்ச்சிகள்: புத்தகச் சந்தை, கைவினைக் கடைகள், உடற்பயிற்சி வகுப்பு. மூன்றாவது, வணிகமே வேண்டாம், பராமரிப்பை வரிப்பணமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது. பூங்காப் பயனாளர் குழுவில் இருப்பதால் நானும் ஒரு பக்கம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டாவதற்குப் போட்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில் இதே விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

சத்தம், குப்பை, வண்டி நிறுத்தம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரிய விழாவில் எல்லாமே பெரிதாக இருக்கும், சின்னதில் சின்னதாக இருக்கும். இரவு இத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், மறுநாள் காலைக்குள் குப்பையை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் பணம் பிடித்தால் ஓரளவு சரியாகிவிடும்.

மூன்றாவது வழிதான் மனசுக்குப் பிடித்தது. பூங்கா என்பது காசு கொடுக்காமல் உட்காரக் கிடைக்கும் இடம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நிதி குறைந்தால் முதலில் வெட்டு விழுவது பூங்காவுக்குத்தான். குடிநீர்க் குழாயையும் சாலையையும் விட்டுவிட்டுப் புல் வெட்ட யாரும் பணம் ஒதுக்கப்போவதில்லை. தோட்டக்காரர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாது. கழிப்பறை பூட்டியே கிடக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டபோது, மூன்றாவது வழியைக் கேட்ட எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அதனால் மனசில்லாமல்தான் அதை விட்டேன்.

மிச்சம் இரண்டு. பெரிய விழாவுக்கு உள்ள பலத்தை மறைக்க முடியாது. ஒரே ஒப்பந்தம், ஒரே பேச்சுவார்த்தை, கணிசமான தொகை ஒரே தடவையில் கைக்கு வரும். நகராட்சி அலுவலருக்கும் வேலை குறைவு. பூங்காப் பக்கமே வராத இளைஞர்கள் அன்றைக்காவது வருவார்கள். சின்ன நிகழ்ச்சிகளின் வருமானம் அதற்கு ஈடாகாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் அனுமதி, ரசீது, இட ஒதுக்கீடு என்று பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும், அவர் சம்பளமும் அந்த வருமானத்திலிருந்தே போகும்.

ஆனால் ‘மூன்று நாள் விழா’ என்றால் மூன்று நாள் அல்ல. வேலி போட, மேடை கட்ட, விளக்குக் கம்பம் நட, அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து ஏற்ற என்று முன்னும் பின்னும் நாட்கள் போகும். அத்தனை நாளும் அந்தப் பகுதி மக்களுக்கு இல்லை. லண்டனின் பிராக்வெல் பூங்கா வழக்கு இதில்தான் சுழன்றது. அங்கே தற்காலிக நிகழ்ச்சிக்காக ஓர் இடத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை திட்ட அனுமதி (நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வாங்க வேண்டிய அனுமதி) இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விதி. கோடை விழாக்களுக்குக் கட்டுமான நாட்களையும் சேர்த்தால் 37 நாள் ஆனது. அந்தப் பகுதியின் லாம்பெத் நகராட்சி சட்டப்படி சரி என்று கொடுத்த சான்றிதழை 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்காக நகராட்சிக்கு அதிகாரமே இல்லை என்று அர்த்தமில்லை. லண்டனிலேயே உள்ள ஃபின்ஸ்பரி பூங்காவில் நடந்த இசை விழாவை எதிர்த்த வழக்கில், பூங்காவின் ஒரு பகுதியை மூடி விழா நடத்தும் அதிகாரம் நகராட்சிக்கு உண்டு என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, விளம்பரத்தில் போடும் நாட்களை எண்ணாதீர்கள். முதல் லாரி உள்ளே வரும் நாளிலிருந்து கடைசி லாரி வெளியேறும் நாள் வரை எண்ணுங்கள்.

இதெல்லாம்கூட என் கையெழுத்தைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது மண்.

நல்ல பூங்கா மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். அந்த இடுக்குகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன, வேர் மூச்சு விடுவதும் அதில்தான். கூட்டம் மிதிக்கும்போது மேல் மண்ணின் இடுக்குகள் மூடிக்கொள்கின்றன. அதை ஓரளவு மீட்கலாம். உள்ளீடற்ற கம்பிகளால் துளையிட்டு மண் குச்சிகளைப் பிடுங்கி எடுத்து, மணலும் மக்கும் தூவி, விதை போட்டுக் காத்திருந்தால் புல் வந்துவிடும். லாரி விஷயம் வேறு. ஓர் அச்சில் இறங்கும் எடை அதிகமாக ஆக, இறுக்கம் கீழே ஆழமாகப் போகிறது. துளையிடும் எந்திரம் எட்டாத ஆழம் அது. இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது. ‘நாலே நாலு வண்டிதான் வரும்’ என்று சொல்வதில் ஆறுதல் இல்லாதது அதனால்தான். மண் ஈரமாக இருந்தால் சேதம் பல மடங்கு. மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே, கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். வண்டி ஓடிய ஆண்டில் மரம் ஒன்றும் காட்டாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்போது, அன்றைய விழாவை யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் பூங்காவில் சோதனையாக ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். முடிந்து ஒன்றரை மாதத்தில் புல் பச்சைப் பசேலென்று வந்துவிட்டது. படம் எடுத்து, பாதிப்பே இல்லை என்று கூட்டத்தில் காட்டினார்கள். பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்தார். “குத்திப் பாருங்க தம்பி. மேலே பச்சை, கீழே கல்லு.” நடைபாதை ஓரத்து மண்ணில் பிடி வரை இறங்கியது. மேடைக்கு லாரி போன தடத்தில் இரண்டு விரற்கடை இறங்கியதும் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் கொஞ்சம் படித்துவிட்டு ஓர் எளிய சோதனை செய்தோம். 15 செ.மீ. விட்டமுள்ள, அடியில்லாத தகர வளையம் ஒன்றை மண்ணில் பாதி இறக்கி, உள்ளே 444 மி.லி. தண்ணீர் ஊற்ற வேண்டும். அது அந்த வளையத்துக்குள் ஓர் அங்குல மழை பெய்ததற்குச் சமம். முதல் தடவை உள்ளே போனபின் இரண்டாம் தடவை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். யாரும் வண்டி ஓட்டாத மரத்தடியில் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் மறைந்தது. லாரித் தடத்தில் கண்ணாடி போல அப்படியே நின்றது. பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தும் பாதிக்கு மேல் இருந்தது. மழையில் அந்தப் புல்வெளி குளமாவது ஏன் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

உலகப் புகழ் பெற்ற பூங்காக்களும் தப்பவில்லை. 2023 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் கிரேட் லான் புல்வெளியில் குளோபல் சிட்டிசன் விழா மழையில் நடந்தது. வறுமை ஒழிப்பை முன்வைத்து நடந்த நிகழ்ச்சி அது. நோக்கம் நல்லதானாலும் எடை எடைதான். சேறாகிப்போன அந்தப் புல்வெளி அடுத்த ஏப்ரல் வரை மூடிக் கிடந்தது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஜில்கர் பூங்காவில் 2009இல் நடந்தது இன்னும் மோசம். அந்த ஆண்டுதான் புல்வெளியைப் புதிதாக அமைத்திருந்தார்கள். அதில் போட்ட மக்கு உரத்தில் பதப்படுத்திய கழிவுநீர்க் கசடும் கலந்திருந்தது. அக்டோபர் இசை விழாவில் மழை கொட்டியது, மக்கள் அந்தச் சேற்றில் நின்றார்கள், புல்வெளியை மறுபடி மூட வேண்டியதாயிற்று. சீரமைக்கும் செலவை விழா நடத்தியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புல்லைப் பணத்தால் மீட்டார்கள், சரி. பூட்டியிருந்த மாதங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இதை வைத்துத்தான் சின்ன நிகழ்ச்சிகள் பக்கம் சாய்ந்தேன். மடக்கு மேசையும் துணிக்கூரையும் தள்ளுவண்டியில் வந்துவிடும். தளம் போட்ட பாதையிலேயே கடைகளை வரிசையாக வைக்கலாம், புல்லைத் தொடவே வேண்டாம். மழை வந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். பெரிய விழாவில் அது முடியாது. டிக்கெட் விற்று, கலைஞர்களுக்குத் தேதி குறித்தபின் தரை ஈரம் என்று யார் நிறுத்துவார்கள்? என் கணக்கில் இந்த ஒரு வித்தியாசமே போதும்.

சின்னதிலும் குறை உண்டு. உடற்பயிற்சி வகுப்பு ஒரே இடத்தில் தினமும் நடந்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும். எங்கள் பூங்காவில் இரண்டு மாதத்தில் ஆனது. இப்போது வாரம் ஓர் இடமாக மாற்றச் சொல்லியிருக்கிறோம். கடைகள் கூடிக்கொண்டே போய், பூங்கா நிரந்தரக் கடைத்தெருவாகும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காக மாதத்துக்கு இத்தனை நாள்தான் என்று உச்சவரம்பு கேட்டிருக்கிறோம். ஓராண்டு அனுபவத்தில் இடம் மாற்றும் ஏற்பாடு தாக்குப்பிடித்தது. ஐந்தாண்டு தாக்குப்பிடிக்குமா என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இரவு நிகழ்ச்சிகளின் விளக்கு பறவைகளை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதிலும் எங்கள் குழுவுக்கு அனுபவம் போதாது. அதனால் இருட்டிய பின் எதுவும் வேண்டாம் என்று மட்டும் கேட்டோம்.

பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். வாடகை பொது நிதியில் கலந்துவிட்டால் பூங்காவுக்கு மிஞ்சுவது சேதம் மட்டும்தான். தனிக் கணக்கு வேண்டும், அதை ஆண்டுக்கொருமுறை பூங்கா வாசலில் ஒட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

நகர்மன்றம் கடைசியில் பெரிய விழாவையே தேர்ந்தெடுத்தாலும், எங்கள் மனுவின் ஒரு பத்தியையாவது எடுத்துக்கொள்ளும்படி கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன். வண்டி போகும் தடம் முழுக்கத் தற்காலிகத் தகடு விரிக்க வேண்டும், மரத்தின் கிளை நிழலுக்குள் ஒரு சக்கரமும் வரக்கூடாது. விழாவுக்கு முன்பும் பின்பும் ஒரே இடங்களில், ஒரே வளையத்தால், தோட்டக்காரர் முன்னிலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நேரங்களும் ஒத்துப்போகும் வரை முன்பணத்தைத் திருப்பித் தரக்கூடாது. புல் பச்சையாக இருக்கும் புகைப்படத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்றும் அதே பத்தியில் எழுதியிருக்கிறோம்.