வெள்ளை வேட்டியா, இன் பண்ணின பேன்ட்டா: ஒரு காங்கேயத்துக் கணக்கு

காங்கேயத்தில் ஜிஎஸ்டி, வருமான வரி என்று கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆம்பளைக்கு உடுப்பில் மூன்று வழி இருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டையை இன் பண்ணி பெல்ட், ஷூவோடு பேன்ட். அப்புறம் கைத்தறிச் சட்டையை வெளியே விட்டு, பேன்ட், செருப்பு. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நிற்கிறேன். அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

டீ-சர்ட், ஜீன்ஸைச் சேர்க்கவில்லை. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் பனியன் துணிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் பனியன் கம்பெனி முதலாளியே, டீ-சர்ட்டில் ஃபைலோடு வந்து நிற்கிறவனிடம் "ஆடிட்டர் வரலீங்களா?" என்றுதான் கேட்பார்.

வெக்கைக்கு வேட்டி சுகம், இதில் வாதமில்லை. சித்திரை மாதத்தில் சாக்ஸுக்குள் கால் வேகும். விலையில் பெரிய வித்தியாசம் எதிலும் இல்லை. சட்டப்படியும் எதற்கும் தடையில்லை. சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்று 2014-இல் பெரிய பேச்சானது. அதே வருஷம் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டசபையில் சட்டமே போட்டார்கள். 2019-இல் வந்த தலைமைச் செயலக உடை விதியிலும் ஆண்களுக்கு பேன்ட், வேட்டி இரண்டும் உண்டு. கொங்கு நாட்டில் பிரச்சினை நேர் எதிர். இங்கே வேட்டிக்காரரை யாரும் நிறுத்துவதில்லை. இன் பண்ணினவனைத்தான் டீக்கடை வாசலில் நிறுத்திக் கேட்பார்கள்.

கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். "என்ன மாப்ளே, பொண்ணு பாக்கப் போறியா?" "மெடிக்கல் ரெப்பா?" "லோன் வசூலா?" சட்டை இளஞ்சிவப்பாக இருந்துவிட்டால் "பொம்பளைக் கலரு." மீசையும் எடுத்திருந்தால் முடிந்தது கதை, அன்றைக்கு ஊருக்கு வேறு விஷயமே வேண்டாம். வெள்ளை வேட்டி சட்டைக்கு இந்தப் பேச்சு கிடையாது. நெல் மண்டிக்காரர், தேங்காய்க் களம் வைத்திருப்பவர், ஃபைனான்ஸ்காரர், கட்சிக்காரர், மாட்டுத் தரகர் எல்லாருக்கும் அதுதான் உடுப்பு. வேட்டியை மடித்துக் கட்டி நின்றால் அவன் வளர்ந்த ஆம்பளை. அவனை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அந்த மரியாதைக்கு ஒரு விலை இருக்கிறது, அது ஃபீஸில் தெரியும். வேட்டியில் போனால் களத்து வாசலிலேயே "வாங்க வாங்க" என்று கட்டிலை இழுத்துப் போடுவார்கள். மோர் வரும். மழை, கொப்பரை விலை, யார் வீட்டுச் சீர் என்று பேச்சு போகும். கடைசியில் பணம் என்று வரும்போது, "நம்ம பையந்தானே, பொறவு பாத்துக்கலாமுங்க." பேன்ட்டில் போனால் கட்டில் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலி. ஆனால் பில் கட்டு தயாராக இருக்கும், ஃபீஸ் எவ்வளவு என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு வாய்த்த ஆட்களிடம் இப்படி நடந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பேன்ட்டில் போனால் "எந்த பேங்க்குங்க?" என்பார்கள். வேட்டியில் போனால் "எந்தூருங்க?", அதற்கடுத்து "என்ன கூட்டமுங்க?", அதாவது எந்தக் குலப்பிரிவு என்று. இரண்டாவதற்கு எல்லாராலும் எல்லா வீட்டுத் திண்ணையிலும் நிம்மதியாகப் பதில் சொல்லிவிட முடியாது. என்னோடு வேலை பார்க்கிற ஒரு தம்பி வேட்டி கட்டுவதே இல்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். "கட்டுனா கேக்கறாங்கண்ணா" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இருந்தாலும் என்னைப் பேன்ட் பக்கம் தள்ளியது இவை எதுவும் இல்லை. துவைப்பதும் இஸ்திரி போடுவதும்தான்.

வேட்டி சட்டை அலட்டல் இல்லாத ஆம்பளை உடுப்பு, இன் பண்ணுவது ஷோக்கு என்று ஊரில் சொல்வார்கள். துவைக்கிற கல் பக்கத்தில் நின்று பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையைப் போல வேலை வாங்கும் துணி வேறு இல்லை. காலரிலும் கைமுனையிலும் வியர்வை மஞ்சளாக இறங்கும், அதைத் தனியாகத் தேய்க்க வேண்டும். புதுத் துணியின் பளிச் வெண்மையில் பெரும்பங்கு நூலுடையதே அல்ல. வெயிலின் புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் ஒரு வெண்மையூட்டியை ஆலையில் ஏற்றி அனுப்புகிறார்கள். துவைக்கத் துவைக்க, வெயிலில் காயக் காய, அது போய்விடும். அப்புறம் சொட்டு நீலம்தான் கதி. நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்காமல் முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடரை அடிக்கடி போட்டால் நூல் இற்றுப்போகும்.

இதற்கு மேல் எங்கள் தண்ணீர். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியில் உட்கார்ந்துகொள்ளும். கறுப்பு பேன்ட்டில் அது தெரியாது. வெள்ளைச் சட்டை சில மாதத்திலேயே சாம்பல் பூக்கும். சோப்புக் கட்டியை விடச் சலவைத் தூள் பரவாயில்லை. கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் நல்ல தண்ணியைப் பிடித்து வைக்க வேண்டும். குடிக்கவே பிடித்து வைக்கும் தண்ணீர் அது.

இன்னும் முடியவில்லை. கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் விட்டு விளாவி, முக்கிப் பிழிந்து, உதறிக் காயப்போட வேண்டும். இஸ்திரிக்கு முன்னால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்க வேண்டும். நாலு முழம் என்றால் சுமார் 2 மீட்டர், எட்டு முழம் என்றால் கிட்டத்தட்ட அதைப் போல் இரண்டு பங்கு. அத்தனை நீளத்தையும் முழுச் சூட்டில் பெட்டி ஓட்டி மடிக்க வேண்டும். கட்டிக்கொண்டு காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பின்பக்கம் கசங்கிவிடும்.

இதை எல்லாம் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் கட்டுகிறவர் இல்லை. அம்மா, மனைவி, இல்லாவிட்டால் தெருமுனையில் கரிப்பெட்டி போடுகிறவர். வெள்ளையும் சொள்ளையுமாகச் சுற்றுகிற எத்தனையோ பேர் இஸ்திரிப் பெட்டியைக் கையால் தொட்டதில்லை. உழைப்பு முழுதும் வீட்டுக்குள் மறைந்துவிடுவதால் வாசலில் நிற்கிறவர் அலட்டல் இல்லாத ஆம்பளையாகிவிடுகிறார். நான் திண்ணையில் நின்று என் சட்டைக்கு நானே பெட்டி போட்டால் எதிர்வீட்டு ஆத்தா, "ஏங்கண்ணு, ஊட்டுல ஆளில்லீங்களா?" என்கிறார்.

ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. என் மனைவி பள்ளி ஆசிரியை, காலை எட்டு மணிக்குப் பஸ் ஏற வேண்டும். எனக்கு மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்யக் கெடு. அந்த வாரங்களில் கஞ்சி காய்ச்ச எங்கள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை. நானே துவைத்து நானே பெட்டி போட்டு மாதம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற உடுப்பு எது என்று பார்த்தால் பேன்ட் மட்டும்தான் மிஞ்சுகிறது.

பாலியஸ்டர், விஸ்கோஸ் கலந்த அடர்நிற பேன்ட் இரண்டு நாள் தாங்கும். பாலியஸ்டர் சூட்டில் மடிப்பைப் பிடித்துக்கொள்வதால் ஒருமுறை போட்ட மடிப்பு சீக்கிரம் கலையாது. பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஈரத்துணி விரித்துத் தேய்த்தால் துணி பளபளக்காது. டெரிகாட்டன் சட்டைக்குப் பத்து நிமிஷம் போதும். வெளிர்நீலம், சாம்பல் மாதிரி நிறங்களில் உப்புத் தண்ணீரின் வேலை தெரிவதில்லை. தேங்காய்க் களத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும் போய்வருகிறவனுக்கு எண்ணெய்க் கறை நிச்சயம். துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்த்து ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளை வேட்டியில் போகாது என்றில்லை, போகும்வரை ஊரே பார்க்கும்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை நம்பித்தான் தாராபுரம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அம்மியையே நகர்த்தும் என்கிற காற்று அது. தாராபுரம் ரோட்டில் வேட்டியோடு பைக் ஓட்டினால் மானம் காக்க ஒரு கை, வண்டி ஓட்ட ஒரு கை. ஒட்டிக்கோ வேட்டி இடுப்பில் நிற்கும், கீழே பறப்பதற்கு அதனிடமும் வழியில்லை.

பேன்ட்டிலும் தொல்லை உண்டு. ஷூ முக்கியமான தொல்லை. இங்கே வீடானாலும் மில் ஆபீஸானாலும் படியிலேயே கழற்றியாக வேண்டும். கயிறு கட்டுகிற ஷூ போட்டால் நாளெல்லாம் குனிந்துகொண்டே இருப்பீர்கள். கயிறில்லாத ஷூ வாங்குங்கள். சாக்ஸை தினமும் மாற்றுங்கள், கழற்றும்போது மானம் போகும்.

மூன்றாவது வழியான கைத்தறிச் சட்டையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய சில சட்டைகள்தான். போட்டால் உடம்புக்கு இதம். யாரும் கிண்டல் செய்வதில்லை, "வாத்தியாருங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். முதல் சில தடவை தனியாக அலசாவிட்டால் சாயம் மற்ற துணியில் ஏறும், கசங்கலும் வேட்டிக்குச் சளைத்ததல்ல. லினனை நான் போட்டதே இல்லை. பெண்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது என்பது என் மனைவியின் கட்சி. அவர்களிடம் ஊர் கேட்கும் கேள்விகள் வேறு, அதை அவர்தான் எழுத வேண்டும்.

கல்யாணம், கோயில், துக்க வீடு மூன்றுக்கும் வேட்டிதான் கட்டுகிறேன். அந்த வேட்டியை மட்டும் தெருமுனைக் கடையில் கொடுத்துவிடுகிறேன்.

பேன்ட் என்று முடிவெடுத்தால் ரெடிமேடை விடத் தைப்பது நல்லது. அடர்நீலம், கருஞ்சாம்பல், கறுப்பு என்று மூன்று போதும். இடுப்பில் ஒன்றரை இன்ச் துணியை உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, முகூர்த்த மாதங்களில் பந்திக்குப் பந்தி கூப்பிடுகிற ஊர், பிரித்துத் தைக்க வேண்டிவரும்.