பெற்றோருக்குக் கேபிளுக்குப் பதிலாக "லைஃப்டைம் பெட்டி" வாங்கும் முன்: ஓர் எச்சரிக்கை

ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும், வாழ்நாள் முழுவதும் எல்லாத் தமிழ்ச் சேனல்களும் மாதக் கட்டணம் இல்லாமல் வரும் என்று சொல்லி, கறுப்பு நிறச் சிறு ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றைச் சிலர் வீடு வீடாக விற்று வருகிறார்கள். மன்னார்குடியில் வசிக்கும் என் பெற்றோர் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் இருவர் மட்டும் வசிக்கும் வீடுகளே இவர்களின் இலக்கு என்பதை, அதே தெருவில் அவர்கள் தேர்ந்தெடுத்த மற்ற வீடுகளைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன்.

என் பெற்றோருக்குக் கேபிள் மீது இருந்த வருத்தம் நியாயமானதே. அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ரசீதை வரிக்கு வரி படிக்கும் பழக்கம் உடையவர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண முறையில், சேனல்களுக்கான விலை தனியாகவும், இணைப்புக்கான கட்டணமாக 130 ரூபாயும் அதற்கு வரியும் தனியாகவும் சேர்க்கப்பட்டதிலிருந்து, பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மழை பெய்தால் படம் உறைந்து நிற்கும். கேபிள்காரரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். அம்மாவுக்கு மாலையில் இரண்டு மூன்று தொடர்கள், அப்பாவுக்குச் செய்தியும் பழைய பாடல்களும். இதற்காக இவ்வளவு சேனல்கள் எதற்கு என்ற கேள்வி வீட்டில் எழுந்திருந்த நேரத்தில்தான் அந்த இளைஞர் வாசலில் வந்து நின்றார்.

அவர் பேசியதை அம்மா எனக்கு அப்படியே ஒப்பித்தார். "இனிமே கேபிளுக்குக் காசே கட்ட வேணாம் சார். ஒரே தடவைதான், லைஃப்டைம். பழைய பாக்ஸைக் குடுங்க, எக்ஸ்சேஞ்சுல எழுநூறு ரூபாய் கழிச்சுக்கறேன்." விலை 6,500 ரூபாய்; கழிவு போக 5,800. அரை மணி நேரத்தில் பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, சன் டிவி, விஜய், ஜீ தமிழ் என்று வரிசையாக ஓட்டிக் காட்டியிருக்கிறார். பணத்தை யுபிஐ மூலம் வாங்கிக்கொண்டு, தலைப்பில் "எஸ்டிமேட்" என்று மட்டும் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, கடையின் முகவரி இல்லை, பெட்டியின் வரிசை எண்ணும் இல்லை.

இந்த விற்பனையில் நான்கு தனித்தனி ஏமாற்றுகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருந்தன. அவை ஒரே நாளில் வெளிப்படவில்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம்.

முதலில் தெரிந்தது இணையத்தைப் பற்றியது. என் பெற்றோர் வீட்டில் அப்போது பிராட்பேண்ட் கிடையாது. விற்றவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அப்பாவின் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதில் பெட்டியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் ப்ரீபெய்டு திட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 2 ஜிபி. இணையம் வழியாகப் படம் பார்க்கும்போது சாதாரணத் தெளிவிலேயே மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி செலவாகும். எச்டி தெளிவில் 3 ஜிபி வரை போகும். ஆகவே காலையில் அப்பா செய்தி பார்த்தால், இரவில் அம்மாவின் தொடர் பாதியில் வட்டமடித்து நின்றுவிடும். அப்பா கைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீட்டில் தொலைக்காட்சியே ஓடாது. வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய இந்த ஒரு செய்தியை மறைத்ததே மோசடி என்று நான் கருதுகிறேன். மற்றவை அதற்கு மேல்.

இரண்டாவது, அந்தப் பெட்டியே. அம்மா தொலைபேசியில், "ரிமோட்டுல ஒரு அம்புக்குறி ஓடிக்கிட்டே இருக்கும்மா, அதைப் புடிச்சு நிறுத்தவே முடியல" என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. தொலைக்காட்சிக்கென்று கூகுள் வடிவமைத்த முறையான ஆண்ட்ராய்டு டிவியில் அம்புக்குறியை நகர்த்த வேண்டியதில்லை. மேல், கீழ், இடம், வலம் பொத்தான்களே போதும். கைபேசிக்கான ஆண்ட்ராய்டை அப்படியே பெட்டிக்குள் ஏற்றியிருப்பதால்தான் அதற்குச் சுட்டி தேவைப்படுகிறது. ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, சேனல்களைக் காட்டிய செயலி பிளே ஸ்டோரிலிருந்து வந்தது அல்ல என்பதும், பென் டிரைவிலிருந்து ஏற்றப்பட்டது என்பதும், அதை ஏற்றுவதற்காக பிளே புரொடெக்ட் என்னும் பாதுகாப்பு வசதி அணைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன. சன் குழுமத்தின் சேனல்களைச் சட்டப்படி இணையத்தில் பார்க்க சன் நெக்ஸ்ட் இருக்கிறது. விஜய் டிவி நிகழ்ச்சிகளுக்கு ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழுக்கு ஜீ5. இவை ஒவ்வொன்றும் சந்தா வாங்கும் சேவைகள். இவை அனைத்தையும் ஒரே செயலியில், ஒருவருக்கும் சந்தா கட்டாமல், வாழ்நாள் முழுவதும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தன்னுடையது அல்லாத பொருளை விற்கிறார் என்பதே பொருள். அதனால்தான் சில வாரங்களில் சேனல்கள் எல்லாம் கறுத்துப்போயின. அழைத்துக் கேட்டபோது, "சர்வர் மாறிடுச்சு சார், ரின்யூவல் பண்ணணும்" என்று மேலும் 1,500 ரூபாய் கேட்டார். லைஃப்டைம் என்றீர்களே என்று அப்பா கேட்டதற்கு, லைஃப்டைம் என்பது பெட்டிக்குத்தான், சேனலுக்கு அல்ல என்று பதில் வந்தது.

இத்தகைய பெட்டிகளால் வரும் ஆபத்து பணத்தோடு முடிவதில்லை. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, "பேட்பாக்ஸ் 2.0" என்று அழைக்கப்படும் இந்த ஆபத்தைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டிகளில், விற்பனைக்கு வரும் முன்போ, முதல்முறை செயலிகளை ஏற்றும்போதோ தீய மென்பொருள் புகுத்தப்படுகிறது. அதன் பிறகு அந்த வீட்டின் இணைய இணைப்பைக் குற்றவாளிகள் தங்கள் முகமூடியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வதும், எல்லாம் இலவசம் என்று விளம்பரப்படுத்துவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்று அந்த அறிவிப்பு கூறியது. எங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டும் இருந்தன. அதில் தீய மென்பொருள் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. மின்னிணைப்பைப் பிடுங்கி, சாட்சிப் பொருளாக அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஏமாற்றை அப்பாவின் வங்கிக் கணக்கு காட்டிக் கொடுத்தது. பணம் வாங்கும்போது, "நெட்வொர்க் சரியில்லை சார், இன்னொரு தடவை பின் நம்பர் போடுங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது முறை நடந்தது பணப் பரிமாற்றம் அல்ல. மாதம் 299 ரூபாய் தானாக எடுத்துக்கொள்ள யுபிஐ ஆட்டோபே வழியாகக் கொடுக்கப்பட்ட ஒப்புதல். ஒருமுறை பின் எண் போட்டு ஒப்புதல் தந்துவிட்டால், 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பின் எண் கேட்காமலே போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவாவது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது, தெரிவிக்கவும் செய்தார்கள். ஆனால் கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் பத்துப் பதினைந்து ஆங்கிலக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் அதை அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? உங்கள் பெற்றோரின் யுபிஐ செயலியைத் திறந்து, ஆட்டோபே என்ற பகுதியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேவையற்ற ஒப்புதலை அங்கேயே ரத்து செய்ய முடியும். நாங்கள் அப்படித்தான் நிறுத்தினோம்.

நான்காவதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை வரவழைத்தது. எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் அவர் எடுத்துச் சென்ற கேபிள் செட்டாப் பெட்டி என் பெற்றோருடையதே அல்ல. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் சந்தாதாரர்களுக்குத் தரும் செட்டாப் பெட்டி நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாம் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததும் அத்தகைய பெட்டிதான். மீண்டும் கேபிளுக்கே போய்விடலாம் என்று அம்மா சொன்னபோது, பழைய பெட்டி இல்லாமல் இணைப்பை உயிர்ப்பிக்கவும் முடியவில்லை, முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. உள்ளூர்க் கேபிள்காரர் இதில் கண்ணியமாகவே நடந்துகொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். "ஐயா, இது மாதிரி இந்த வட்டாரத்துல இன்னும் சில பாக்ஸ் போயிருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் இது எங்கள் வீட்டோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. இரவல் பொருளை எழுநூறு ரூபாய்க்கு மதிப்பிட்டு, அதை விலையில் கழிப்பதாகக் காட்டி, பின்னால் அதற்கான பொறுப்பை முதியவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது, பழகிய கை செய்யும் வேலை.

பணத்தை மீட்க நாங்கள் எடுத்த வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோபே விவகாரத்தை 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்தோம். பணம் போன உடனே அழைத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம், நாட்கள் கடந்தால் குறையும். பெட்டி விற்பனையைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேச முடிந்தது. அதற்கும் பயனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். முறையான ரசீது இல்லாத நிலையில், யுபிஐ பரிமாற்ற எண்ணும், பணம் பெற்றவரின் பெயரும், அந்த "எஸ்டிமேட்" தாளும், ரின்யூவல் கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுமே எங்களிடம் உள்ள ஆவணங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இதுவும் இருந்திருக்காது.

இப்போது வீட்டில் பிராட்பேண்ட் வந்திருக்கிறது. கடையில் ரசீதோடு வாங்கிய, முறையான ஆண்ட்ராய்டு டிவி குச்சி ஒன்று தொலைக்காட்சியின் பின்னால் செருகப்பட்டிருக்கிறது. அதில் அம்மா பார்க்கும் தொடர்களுக்கு உரிய ஒரே ஒரு சேவைக்கு மட்டும், அப்பாவின் பெயரில், ஆட்டோபே இல்லாமல் சந்தா கட்டியிருக்கிறோம். மற்ற செயலிகளை முகப்பிலிருந்து நீக்கிவிட்டேன். ரிமோட்டில் உள்ள ஒலிவாங்கியை அழுத்தித் தமிழில் தொடரின் பெயரைச் சொன்னால் வந்துவிடுவது அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வப்போது செயலி தானாக வெளியேறி ஓடிபி கேட்கும்போது மட்டும் எனக்கு அழைப்பு வரும். கேபிளில் அந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறித்த நேரத்தில் குறித்த சேனலைப் போடுவதே பழக்கமாகிவிட்ட முதியவர்களுக்கு, சேனல்களைக் குறைத்த கேபிள் இணைப்பே எளிதாக இருக்கக்கூடும். கட்டணச் சேனல்கள் தேவைப்படாதவர்களுக்கு, மாதக் கட்டணம் இல்லாத, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் என்ற டிஷ் ஆண்டெனா சேவையும் இருக்கிறது. டிடி தமிழ் அதில் வரும், சன், விஜய் வராது.

பெட்டியை விற்றவரின் எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே பேச்சு, அதே எழுநூறு ரூபாய்க் கழிவு, அதே கறுப்புப் பெட்டி நீடாமங்கலம் பக்கத்தில் விற்கப்படுவதாக உறவினர் ஒருவர் சென்ற வாரம் சொன்னார். அந்தப் பக்கம் உங்கள் பெற்றோர் தனியாக இருந்தால், இன்றிரவே அழைத்து, செட்டாப் பெட்டியை யாருக்கும் கழற்றிக் கொடுக்க வேண்டாம் என்றும், வாசலில் வருபவர் முன்னால் இரண்டாவது முறை பின் எண் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.