தெரியாத விமானத்தில் திரும்பி வந்தேன்

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தங்கை சொன்ன அன்றே டிக்கெட் தேட உட்கார்ந்தேன். நான் ஐரோப்பாவில் இருக்கிறேன். இங்கிருந்து எங்கள் ஊருக்கு நேரடி விமானம் கிடையாது, எப்படிப் போனாலும் நடுவில் ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். தேடலில் முதலில் வந்து நின்றது நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு நிறுவனம். வழக்கமாக நாங்கள் போகும் பழைய நிறுவனத்தின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கேட்டது. தம்பியிடம் போனில் சொன்னதும், "யோசிக்காதீங்க அக்கா, போட்டுடுங்க. வானத்துல எல்லாம் ஒண்ணுதான்" என்றான்.

எனக்கு முதலில் வந்த பயம் பாதுகாப்பைப் பற்றித்தான். பெயர் தெரியவில்லை என்பதற்காக ஆபத்தான விமானம் என்று ஆகிவிடாது, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்தும் ஐ.ஓ.எஸ்.ஏ என்ற பாதுகாப்புத் தணிக்கையில் தேறிய நிறுவனங்களின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியில் பறக்கத் தடை விதித்த நிறுவனங்களின் பட்டியலை 2006 முதல் வெளியிட்டு வருகிறது. தணிக்கையில் தேறியவர்கள் பட்டியலில் இந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது, தடைப் பட்டியலில் இல்லை. சரி, அந்தக் கவலை தீர்ந்தது.

அடுத்து லக்கேஜ். முதலில் காட்டிய கட்டணத்தில் கைப்பை மட்டும்தான் அடக்கம். ஊருக்குப் போகிற யாரும் கைப்பையோடு போவதில்லை. ஒரு பெட்டி, இருக்கைத் தேர்வு, கார்டுக்கான கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்காக இருந்த வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. கடைசிப் பக்கம் வரை போய், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே வரும் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அறுவைச் சிகிச்சை நாளைத் தவறவிடக் கூடாது என்பதால் போவதற்குப் பழைய நிறுவனத்தையும், வருவதற்குப் புதியதையும் எடுத்தேன். அதனால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

போகும்போது பழைய நிறுவனம்தான் முதலில் சொதப்பியது. இயந்திரக் கோளாறு என்று முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது, நடுவில் நான் மாற வேண்டிய விமானம் போய்விட்டது. ஆனால் நடுவழி விமான நிலையத்தில் இறங்கி டிரான்சிட் கவுண்டருக்குப் போனபோது, அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸை என் பெயரில் அச்சடித்து வைத்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. முழுப் பயணமும் ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர் (முன்பதிவு) எண். அதனால் என்னை ஊரில் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அந்த நிறுவனத்துக்கு அங்கிருந்து அன்றே இன்னொரு விமானமும் இருந்தது. ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஒரு நாள் மீதம் இருந்தது.

பெட்டி மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெட்டி வராவிட்டால் பெட்டிகள் வந்து சேரும் கூடத்தை விட்டு வெளியே வரும் முன்பே பி.ஐ.ஆர் என்ற புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1999 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். டிக்கெட் மலிவானதா விலை அதிகமானதா என்று அந்த உடன்படிக்கை பார்ப்பதில்லை. என் பெட்டி மறுநாள் மாலை வீட்டுக்கே வந்தது.

அப்பாவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவரிலிருந்த காலண்டரின் சின்ன எழுத்தை அவர் சத்தமாக வாசித்துக் காட்டினார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

திரும்பும் பயணத்துக்கு முந்தைய நாள் மதியம், புதிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விமானம் ரத்து. பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த விமானத்தில் வரலாம். அடுத்தது இரண்டு நாள் கழித்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த வழியில் அவர்கள் வாரத்தில் மூன்று நாள்தான் பறக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது புறப்படும் நேரத்தைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வாரத்துக்கு எத்தனை விமானம் என்று பார்க்கவே இல்லை. தினமும் பறக்கும் நிறுவனத்தில் ஒரு விமானம் ரத்தானால் அநேகமாக மறுநாளுக்குள் கிளம்பிவிடலாம். வாரத்தில் மூன்று நாள் என்றால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கையில் நாலைந்து விமானங்களே உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதானால் மாற்றுக்கு வேறு விமானமும் இருக்காது.

அவர்களுடைய தொலைபேசி எண் வெளிநாட்டு எண். நாற்பது நிமிடம் காத்திருந்தேன், யாரும் எடுக்கவில்லை. நேரில் கேட்கலாம் என்று விமான நிலையத்துக்குப் போனால் அங்கே அவர்களுக்கு அலுவலகமே இல்லை. செக்கின் கவுண்டரில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் தரைப் பணிகளைச் செய்யும் வேறொரு நிறுவனத்தின் ஆட்கள். அங்கிருந்த பெண் கனிவாகத்தான் பேசினார். "மேடம், நாங்க அவங்க ஸ்டாஃப் இல்ல. டிக்கெட்டை மாத்துற வசதி எங்க கம்ப்யூட்டர்ல கிடையாது." அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்னைப் போல இன்னும் பலர் அவரிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இழப்பீடு கேட்டுப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணத்துக்கு எந்த நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் விமானம் என்றால், அந்த நிறுவனம் ஒன்றியத்தைச் சேர்ந்ததாக இருந்தால் மட்டுமே பொருந்தும். போகும்போது ஏற்பட்ட ஆறு மணி நேரத் தாமதத்துக்கு எனக்கு 600 யூரோ கிடைத்தது (3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கான தொகை அது). புதிய நிறுவனம் ஒன்றியத்தைச் சேர்ந்தது இல்லை என்பதால், வரும்போது ஏற்பட்ட இரண்டு நாள் தாமதத்துக்கு அந்த விதியில் எதுவும் இல்லை. விலையை மிச்சப்படுத்துவதற்காகக் கடைசிக் கட்டத்துக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் எடுத்திருந்தேன், அதுவும் வீணானது. அவர்களைப் பொறுத்தவரை நான் வராத பயணி, அவ்வளவுதான். அந்தத் தனி டிக்கெட்டும், வேலையில் போன இரண்டு நாள் விடுப்பும் சேர்ந்து நான் மிச்சம் பிடித்ததை விட அதிகம்.

இரண்டு நாள் கழித்து வந்த விமானத்தின் மேல் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆட்களோடு சேர்த்து வாடகைக்கு எடுத்த விமானம். மற்றபடி பறந்ததில் ஒரு குறையும் இல்லை. இருக்கை நன்றாக இருந்தது, பணிப்பெண்கள் அன்பாக இருந்தார்கள், நேரத்துக்கு இறங்கினோம். தம்பி சொன்னது வானத்தைப் பொறுத்தவரை சரிதான்.

பழைய பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஸ்விஸ்ஏரின் விமானங்கள் எல்லாம் 2001 அக்டோபரில் ஒரே நாளில் தரையில் நின்றுவிட்டன. 1993 முதல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதனால் எந்த நிறுவனமானாலும் கிரெடிட் கார்டில் பணம் கட்டுகிறேன். நிறுவனம் மூழ்கினால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு கதவாவது திறந்திருக்கும்.

கோடையில் அம்மாவும் அப்பாவும் இங்கே வருகிறார்கள். இருவருக்கும் நேற்று டிக்கெட் எடுத்துவிட்டேன்: ஒரே பி.என்.ஆர், தினமும் பறக்கும் நிறுவனம், நடுவில் மூன்று மணி நேர இடைவெளி, சக்கர நாற்காலி உதவியும் சொல்லியாகிவிட்டது. தனி டிக்கெட்டுகளாக எடுத்திருந்தால் நடுவழியில் அந்த நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு விசாவும் தேவைப்படலாம். அவர்களால் அது முடியாது. தம்பி அடுத்த மாதம் ஒரு தோள்பையோடு தனியாகப் போகிறான், திரும்பும் தேதியும் அவனுக்குக் கெடு இல்லை. அந்தப் புதிய நிறுவனத்திலேயே போகட்டும் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.