மல்லுக்கட்டு: 2014 விதியா, 2024 விதியா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டத்தின் 2014 விதிப்படி, எதிரியைப் பிடித்து மடக்க இருவருமே பகடை உருட்ட வேண்டும். பிடிப்பவருக்கு அத்லெட்டிக்ஸ் (உடல்பலத் திறன்), பிடிபடுபவருக்கு அதுவோ அக்ரோபாட்டிக்ஸோ (உடல் லாகவத் திறன்). விறுவிறுப்புதான். ஆனால் அத்லெட்டிக்ஸில் இரட்டைத் தேர்ச்சி பெற்ற (உருட்டலோடு தேர்ச்சிக் கூட்டெண்ணை இருமடங்காகச் சேர்க்கும்) ரோக் எனும் தந்திரக்காரக் கதாபாத்திரம், தன்னைவிடப் பெரிய பூதத்தையும் நகரவிடாமல் நிறுத்திவிடும். ஆட்டத்தை நடத்துபவர் பாவம்!

2024 விதியில் பிடிபடுபவர் மட்டுமே, வலிமையாலோ சுறுசுறுப்பாலோ தப்பிக்க உருட்டுகிறார். எட்ட வேண்டிய எண்: 8, அதோடு பிடிப்பவரின் வலிமைக் கூட்டெண், தேர்ச்சிக் கூட்டெண். பிடிப்பவரின் அத்லெட்டிக்ஸ் இதில் சேராததால் ரோக்கின் தந்திரம் இங்கே செல்லாது. பிடிபட்டவர் பிடித்தவரை விட்டு வேறொருவரைத் தாக்கினால் இரு பகடை உருட்டிச் சிறிய எண்ணையே கொள்ள வேண்டும். இதற்காகவே என் ஓட்டு 2024-க்கு.

பிடிபட்ட மந்திரவாதி மந்திரம் சொல்லலாமா? இரண்டிலும் தடையில்லை; வேகம்தான் பூஜ்யம். “வாயைப் பொத்திவிட்டேன்” என்று வாதிடுபவருக்கு நான் இணங்குவதில்லை.