பி10 டீசல்: மாலைக்கடைக்காரன் ஓட்டிப் பார்த்த வகையில்

கோலாலம்பூர் செந்தூலில் மாலை கட்டி விற்கிறேன். கேமரன் மலையிலிருந்து செவ்வந்தி ஏற்றி வருவது என் பழைய டீசல் பிக்அப்தான். நம் ஸ்டேஷன்களில் கிடைக்கும் யூரோ 5 பி10 டீசல் எப்படி என்று பூக்கார நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

நூற்றில் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல்; மீதி சாதா டீசல். அதனால்தான் பி10. 2011-ல் புத்ராஜெயாவில் ஐந்து பங்கோடு தொடங்கியது, 2019-ல் பத்தானது. சில ஸ்டேஷன்களில் ஏழு பங்கு கலந்த பி7-உம் உண்டு, லிட்டருக்கு 20 காசு கூடுதல்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் முழுப் பாரத்தோடும் இழுவையில் குறை தெரியவில்லை. பயோடீசலுக்குச் சக்தி கொஞ்சம் கம்மிதான். ஆனால் பத்துப் பங்கு கலப்பில் அது நூற்றுக்கு ஒன்று வாக்கில்தான் வரும். ஏசி அதைவிட அதிகம் குடிக்கும். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் விடிகாலைக் குளிரிலும் முதல் சாவியிலேயே இஞ்சின் பிடித்துக்கொள்கிறது. புகையில் வடைக்கடை வாசம் வரும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

தொல்லை வண்டி நிற்கும்போதுதான். பயோடீசல் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, பிக்அப் பாதி டேங்க்கோடு சும்மா கிடக்கும். ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீரும் வழவழப்பான கசடும். "நிறுத்துறதா இருந்தா ஃபுல் டேங்க் அடிச்சு நிறுத்துங்கண்ணே" என்றார் வண்டி பழுதுபார்க்கும் ஃபோர்மேன். அப்படிச் செய்ததில் கசடு குறைந்தது. கூட்டம் அதிகமுள்ள ஸ்டேஷனில் அடிப்பதும் நல்லது, எண்ணெய் தேங்கிக் கிடக்காது. தினமும் ஓடும் வண்டிக்கு பி7-இன் 20 காசு தண்டம்.

விலைதான் எரிச்சல். 2024 ஜூன் 10-ஆம் தேதி 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 3.35-க்குத் தாவியது. அதற்கு ஈடாக அரசு அப்போது அறிவித்த மாதம் 200 ரிங்கிட் 'புடி' உதவித்தொகை என் ஓட்டத்துக்கு எந்த மூலைக்கு? வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்கத்தான் இந்தக் கலப்பு என்கிறார்கள். எனக்குப் பாதி நம்பிக்கைதான். அரசின் 2006-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கையிலேயே செம்பனை விலையைத் தாங்கிப் பிடிக்கும் நோக்கமும் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவன் நான், பழத்தின் விலை விழுந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு வாடும் என்று தெரியும். ஆனால் செம்பனை விலை ஏறினால் பயோடீசல் சாதா டீசலைவிட விலை கூடிவிடுகிறது. அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது? இந்தோனேசியா 2025-ல் பி40-க்கே போய்விட்டது. இங்கே 2020-ல் லங்காவியில் தொடங்கிய பி20 இன்னும் கோலாலம்பூர் வந்து சேரவில்லை.

வந்தாலும் அவசரமில்லை. சுத்தமான செம்பனை டீசல் 15 டிகிரி வாக்கிலேயே உறையும் முன்னறிகுறியாக மங்கத் தொடங்கும். பிரிஞ்சாங் குளிரில் பி20-ஐ முதலில் வேறு யாராவது ஓட்டிப் பார்க்கட்டும்.